பூட்சுக்கு வந்தது தடை. பாலாற்றை யாரும் கேட்கலை!

ஜெர்மனி போட்ட சட்டத்தால் ஆடிப்போன தோல் மண்டிகள்

சென்னை, பெரியமேடு

சட்டம் போட்டது மேற்கு ஜெர்மனி. கதி கலங்கியது நம்ம பெரியமேடு தோல் மண்டி!

நடந்தது 1989 டிசம்பரில். பென்டாகுளோரோபீனால் என்ற மருந்து இருக்கும் சரக்கு உள்ளே வரக்கூடாது என்று ஜெர்மனி தடை போட்டது. வாயில் நுழையாத பேர். சுருக்கமாக பி.சி.பி.

ஈரத் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். கப்பலில் வாரக்கணக்கில் போகிற சரக்கு வேறு. அதனால் இந்த மருந்தைப் போட்டு வந்தார்கள். விலை மலிவு, வேலை சுத்தம். ஆனால் விஷம்.

சிட்டிகை கூட இல்லை!

ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராம். அதுதான் எல்லை. ஒரு சிட்டிகை உப்பு கூட இதைவிடப் பல மடங்கு கனம்! கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவா முடியும்? ஷாப்காரர் போடாவிட்டாலும், பச்சைத் தோலைச் சேர்த்தவர் எவராவது முன்னாடியே போட்டிருந்தால் போச்சு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சரக்கெல்லாம் சோதனைக்குப் போயாக வேண்டிய நிலை. மாற்று மருந்து உண்டு. விலைதான் கையைக் கடித்தது.

அதோடு விட்டார்களா? 1994-ல் சாயத்தில் கை வைத்தது ஜெர்மனி. புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சிதைகிற 'அசோ' சாயங்களுக்குத் தடை. 1997-க்குள் இந்திய அரசும் 112 சாயங்களைத் தடை செய்துவிட்டது. 2015 மே 1 முதல் ஐரோப்பா முழுக்க இன்னொரு கிடுக்கி: உடம்பில் படும் தோலில் 'குரோமியம் ஆறு' கிலோவுக்கு 3 மில்லிகிராம் கூட இருக்கக்கூடாது.

வெள்ளைக்காரன் அநியாயம் பண்ணுகிறான் என்று சொல்லிவிட முடியாது. அவன் கால் தப்பியது நிஜம். பி.சி.பி.யைக் கையால் புழங்கிய நம்ம தொழிலாளியும் அதனால் தப்பினார்.

ஆனால் இந்தச் சட்டங்கள் கேட்டதெல்லாம் பூட்சில் என்ன இருக்கிறது என்பதைத்தான். பாலாற்றில் என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை. கழிவுநீரால் வேலூர் பக்கம் கிணறும் வயலும் கெட்டன. அதைக் கேட்டது நம்ம ஊர் ஜனங்கள்தான். சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள்.

1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு வசதி செய்ய வேண்டும் என்று உத்தரவு. கூடவே அபராதம், தொழிற்சாலைக்கு 10 ஆயிரம் ரூபாய்.

ஒரு கண்டெய்னர் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் இது டீச்செலவு!