ஒரே ஒரு ரூட் ஏறிட்டுப் போறேன்: க்ளைம்பிங் ரீயூனியன் நடத்துவது எப்படி?

காலேஜ் ரீயூனியன்னா என்ன நடக்கும்னு நமக்கு நல்லாவே தெரியும். ஒரு ஹால் புக் பண்ணுவாங்க, பழைய போட்டோ ஓடும், பிரியாணி சாப்பிட்டு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. பாறை ஏறுறவங்க ஒண்ணு சேர்ந்தா கதை இவ்வளவு சுலபமா முடியாது. மூணு வருஷம் கழிச்சு வர்ற அண்ணா, பாறையைப் பாத்ததும் ஷூவைக் கழட்டிட்டு, "ஒரே ஒரு ரூட் ஏறிட்டு வந்துடறேன் தம்பி"ன்னு கிளம்புவார். அந்த ஒரே ஒரு ரூட்டை அவர் நல்லபடியா ஏறி இறங்கணும். அதுக்கு என்னென்ன யோசிக்கணும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

க்ளைம்பிங் தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. பாறை மேல ஒரு உறுதியான பிடிமானம் அமைச்சு, அது வழியா கயிறைப் போட்டு, ஒரு முனையை ஏறுறவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கீழ நிக்கிறவர் பிடிச்சுக்கிறது டாப் ரோப். அந்தப் பிடிமானத்துக்குப் பேர் ஆங்க்கர், கீழ நின்னு கயிறைப் பிடிக்கிறதுக்குப் பேர் பிலே. கயிறே இல்லாம, கீழ மெத்தை போட்டு, சின்னப் பாறைகளில் ஏறுறது போல்டரிங்.

இதை ஏன் நடத்தணும்?

சும்மா பாத்துப் பேசிக்கத்தான் என்பது ஒரு பதில். அது உண்மையும்கூட. ஆனா ஒரு காலேஜ் கிளப்புக்கு வேற ஒரு காரணமும் இருக்கு. நம்ம கிளப்களில் அறிவு எங்கேயும் எழுதி வைக்கப்படுறதில்லை. எந்தப் பாறையில் பிடி உடையும், எந்த மூலையில் வருஷா வருஷம் தேன்கூடு வரும், அடிவாரத்தில் யார்கிட்ட சொல்லிட்டுப் போகணும் எல்லாமே சீனியர்களோட தலையில்தான் இருக்கு. ஃபைனல் இயர் முடிஞ்சதும் அந்தத் தலைகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போயிடுது.

கொரோனா வந்த 2020, 2021-ல் காலேஜ்கள் மூடிக் கிடந்தப்போ இந்தச் சங்கிலி எத்தனையோ கிளப்களில் அறுந்தது. கத்துக் கொடுக்க வேண்டிய பேட்ச் வீட்டில் இருந்தது, கத்துக்க வேண்டிய பேட்ச் லேப்டாப் முன்னாடி இருந்தது. அறுந்த சங்கிலியை ஒட்ட வைக்க ரீயூனியனை விட நல்ல வாய்ப்பு கிடையாது.

யாரை நினைச்சு பிளான் பண்ணணும்?

என்னோட கருத்து இதுதான்: கூட்டத்தில் நல்லா ஏறக்கூடியவரை நினைச்சு பிளான் பண்ணாதீங்க. ரொம்ப நாளா பாறையையே தொடாதவரை நினைச்சு பிளான் பண்ணுங்க.

புதுசா வர்ற ஃபர்ஸ்ட் இயர் பயப்படுவான், ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுச் செய்வான். தினமும் ஏறுறவருக்கு உடம்பும் பழக்கமும் தயாரா இருக்கும். நடுவில் மாட்டிக்கிறவர்தான் பழைய சீனியர். மனசுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், கைக்கு இருக்காது. திரும்ப ஏற ஆரம்பிச்சா தசை சீக்கிரம் பலம் பிடிச்சிடும், ஆனா விரல் எலும்போட தசைநாணை ஒட்டி வைக்கிற வளையங்கள் அவ்வளவு வேகமா பழகாது. நடுவில் ரெண்டு மூணு கிலோ வேற கூடியிருக்கும். இந்த நிலையில் பழைய நினைப்பில் சின்னப் பிடியில் தொங்கினா, "டப்"னு ஒரு சத்தத்தோட அந்த வளையம் கிழிஞ்சிடலாம். அதுக்கப்புறம் பல வாரத்துக்குக் கீபோர்டு தட்டக்கூட கஷ்டம்.

அதனால முதல் ரெண்டு மணி நேரத்துக்குச் சுலபமான ரூட்களில் மட்டும் கயிறு போடுங்க. கஷ்டமான ரூட்டுக்கு மதியத்துக்கு முன்னாடி கயிறே போகக் கூடாது. "உங்களுக்கு டச் விட்டுப் போச்சுண்ணா"ன்னு யாரும் முகத்துக்கு நேரா சொல்ல வேண்டிய அவசியம் வராது. கயிறு எங்க தொங்குதோ அங்கதானே ஏற முடியும்!

எந்தப் பாறை?

பெரும்பாலும் நம்ம ஊர்ப் பாறை கிரானைட்டும் அதோட சொந்தக்காரங்களும். கெட்டியான பாறை, நல்ல உராய்வு. ஆனா அழகா இருக்கிற எல்லாப் பாறையிலும் ஏறிட முடியாது. முதல் கேள்வி, அது யாரோட இடம்?

செஞ்சி மலைகளைப் பாத்தா கை துறுதுறுக்கும். ஆனா அது தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள கோட்டை, 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாச்சு. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையும் பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். மதுரையைச் சுத்தியிருக்கிற மலைகள் பலவற்றில் சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்து எழுத்துக்குப் பக்கத்தில் நம்ம சாக் பவுடர் கைரேகை வேண்டாமே. அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாவே அறிவிச்சிருக்காங்க. கர்நாடகா பக்கம் போனா, ஷோலே படம் எடுத்த ராமநகரத்து ராமதேவர பெட்டா 2012-லேருந்து பாறு கழுகுகளுக்கான சரணாலயம். அந்தப் பறவை கூடு கட்டுறது செங்குத்துப் பாறை இடுக்கில்தான், அதுவும் நாம ஏற ஆசைப்படுற அதே குளிர்காலத்தில்.

காப்புக்காடா இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம உள்ளே போறதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தது யாருக்கும் மறந்திருக்காது. அதுக்கப்புறம் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தது. அதனால ரேஞ்சர் ஆபீசில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்க. ஊர்ப் பொதுப் பாறைன்னா ஊராட்சியில் சொல்லுங்க, உச்சியில் கோயில் இருந்தா பூசாரி ஐயாகிட்டயும் சொல்லுங்க. அவங்க "வேண்டாம்"னா வேற பாறை. இன்னைக்கு நாம சண்டை போட்டு ஏறிட்டா, அடுத்த பத்து பேட்ச்சுக்கு அந்தக் கதவு மூடிடும்.

எப்போ?

பொங்கலுக்கு அடுத்த வாரங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சிருக்கும், வெயில் இன்னும் ஆரம்பிச்சிருக்காது, வெளியூரில் இருக்கிறவங்களும் லீவில் ஊருக்கு வந்திருப்பாங்க. ஜனவரியில் சூரியன் தெற்குப் பக்கமா சாய்ஞ்சு போறதால, வடக்கு பாத்த செங்குத்துப் பாறையில் பெரும்பாலும் நிழல் இருக்கும். திசைகாட்டி ஆப் வச்சு ஒரு வாரம் முன்னாடியே பாத்துட்டு வந்துடுங்க. காலை ஆறரைக்கு அடிவாரம், மதியம் மூணு மணிக்குக் கடைசிக் கயிறு இறங்கணும். இருட்டுறதுக்குள்ள எல்லாரும் பஸ் ஏறிட்டா, பெண்கள் வீட்டில் பர்மிஷன் கேக்குறதும் சுலபம்.

கேம்ப் ஃபயர் மட்டும் வேண்டாம். பொங்கல் தாண்டினா புல் காய்ஞ்சிருக்கும், ஒரு பொறி போதும்.

கயிறும் கணக்கும்

ரீயூனியனுக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கு. ஏதோ ஒரு அண்ணா பாசத்தோட பரண் மேலேருந்து பழைய கயிறை எடுத்துட்டு வருவார். "ரெண்டு தடவைதான் யூஸ் பண்ணினேன், புதுசு மாதிரி இருக்கு பாரு." பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனா கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் எல்லாமே நைலான் வகை இழை. வெயில், வேர்வை, ஆசிட் புகை பட்டா வெளியே தெரியாமலே பலம் குறையும். அதனால, பயன்படுத்தாம வச்சிருந்தாலும் தயாரிச்ச தேதியிலேருந்து பத்து வருஷத்துக்கு மேல வேண்டாம்னு பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்றாங்க. தேதி தெரியாத கயிறுக்கு ஒரே மரியாதை, ரெண்டு மீட்டர் துண்டுகளா வெட்டிடறது. முடிச்சு பழக ஜூனியர்களுக்கு உதவும், தப்பித் தவறி யாரும் அதில் தொங்கவும் முடியாது.

அடுத்தது நீளம். டாப் ரோப்பில் கயிறு மேலே போய்த் திரும்பிக் கீழே வரணும். அதனால 60 மீட்டர் கயிறுக்கு 30 மீட்டர் பாறைகூடக் கிடையாது, முடிச்சுக்கும் தரையில் கிடக்கவும் கொஞ்சம் போகும். கீழ்முனையில் எப்பவும் ஒரு முடிச்சு போட்டு வைங்க. கயிறு தீர்ந்து போய் பிலே கருவியிலேருந்து முனை நழுவி ஆள் விழுறதை அந்த ஒரு முடிச்சு தடுத்துடும்.

அப்புறம் ஆங்க்கர். இங்கதான் நம்ம ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் வேலைக்கு வருது. ரெண்டு தனித்தனிப் பிடிமானத்திலேருந்து ரெண்டு ஸ்லிங் வந்து ஒரு புள்ளியில் சேருது. ரெண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் 60 டிகிரின்னா, ஒவ்வொரு ஸ்லிங்கும் தாங்குறது மொத்த எடையில் சுமார் 58 சதவீதம். 90 டிகிரியில் 71 சதவீதம். 120 டிகிரியில் ஒவ்வொண்ணுமே முழு எடையைத் தாங்குது! ரெண்டு போட்டும் சுமை குறையல. அதனால கோணம் 60-க்குள்ள இருக்கட்டும். ஏறுறவரோட எடை மட்டும் ஆங்க்கருக்கு வர்றதில்லை என்பதையும் கணக்கில் வைங்க. கீழ பிலே பிடிக்கிறவரும் மறுபக்கம் இழுக்கிறார், உராய்வு போக மொத்தச் சுமை ஏறுறவரோட எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல வரும்.

நல்ல காரபினர் நீளவாக்கில் 20 கிலோ நியூட்டனுக்கு மேல தாங்கும். 70 கிலோ ஆள் சும்மா தொங்கினா 0.7 கிலோ நியூட்டன்தான். ஆனா அதே காரபினரோட வாய் திறந்திருந்தா பலம் மூணில் ஒரு பங்குக்கு வந்துடும். அதனால பூட்டு உள்ளதையே போடுங்க, பூட்டுங்க. பாறை விளிம்பில் கயிறு உரசுற இடத்தில் ஒரு பழைய கார்ப்பெட் துண்டு வைக்க மறக்காதீங்க.

முடிச்சு போடும்போது பேசாதீங்க

லின் ஹில் என்ற பெயரை க்ளைம்பிங் பண்றவங்க எல்லாரும் கேள்விப்பட்டிருப்பாங்க. 1993-ல் அமெரிக்காவின் எல் காபிடன் பாறையில் 'நோஸ்' என்ற பாதையைக் கயிறைப் பிடிச்சு ஏறாம, கை காலால் மட்டுமே முதன்முதலா ஏறி முடிச்சவர். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1989-ல், பிரான்ஸில் புயூ என்ற இடத்தில் ஒரு சாதாரண வார்ம்-அப் ரூட். இடுப்பில் கயிறைக் கோத்தவர், பேச்சுக்கு நடுவில் ஷூ லேஸைக் கட்டப் போயிட்டார். முடிச்சு முடியவே இல்லை. உச்சிக்குப் போய் இறங்க உடம்பைப் பின்னால சாய்ச்சப்போதான் தெரிஞ்சது. இருபது மீட்டருக்கு மேல விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால உயிர் பிழைச்சார்.

உலகத்திலேயே தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவர், சுலபமான ரூட், கூடவே ஒரு பேச்சு. ரீயூனியன்னாலே இந்த மூணும் ஒண்ணா சேருற இடம்தானே? மூணு வருஷக் கதையை எல்லாரும் கயிறுக்குப் பக்கத்தில் நின்னுதான் பேசுவாங்க.

அதனால ரெண்டு விதி வைங்க. ஒண்ணு, யாராவது முடிச்சு போட ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் அவர்கிட்ட யாரும் பேசக் கூடாது. ரெண்டு, தரையை விட்டுக் கால் எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பாக்கணும்: ஹார்னஸ் பக்கிள், எட்டு முடிச்சு, பிலே கருவியில் கயிறு போற திசை, காரபினர் பூட்டு, கீழ்முனை முடிச்சு. பத்து வருஷ அனுபவம் உள்ள அண்ணாவையும் செகண்ட் இயர் பொண்ணு செக் பண்ணலாம், பண்ணணும். "என்னையே செக் பண்றியா?"ன்னு யாராவது கேட்டா, "ஆமாண்ணா, எல்லாரையும்தான்"னு சொல்லிடுங்க. நல்ல சீனியர் அதுக்குச் சந்தோஷப்படுவார்.

ஏறாதவங்களுக்கும் இடம்

இருபது பேர் வந்தா மூணு கயிறு போதும். ஒரு கயிறுக்கு ஏறுறவர், பிலே பிடிக்கிறவர், அவரைக் கவனிக்கிற இன்னொருத்தர். மீதிப் பேர் உக்கார ஒரு மரநிழல் வேணும், பாறை அடிவாரத்திலேருந்து கல் விழாத தூரத்தில். ஜமுக்காளம், ஃபிளாஸ்க்கில் டீ, புளிசாதம், தயிர்சாதம். கைக்குழந்தையோட வர்ற அக்காவும், முட்டி ஆபரேஷன் பண்ணின அண்ணாவும் அங்கதான் ராஜா ராணி. தலைக்கு நாலு லிட்டர் தண்ணி, குப்பைக்கு ரெண்டு சாக்குப் பை, கழிப்பறை எங்கேன்னு முன்னாடியே ஒரு பதில். பாறைக்குக் கீழ நிக்கிற எல்லாருக்கும் ஹெல்மெட்.

தேனீயும் 108-ம்

நம்ம ஊர்ப் பாறையில் பாம்பைவிடப் பெரிய பயம் மலைத்தேனீ. தொங்குபாறைக்கு அடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூட கூடு கட்டும். காலையில் முதல் வேலையா பைனாகுலரில் பாறை முழுக்கப் பாருங்க. கூடு தெரிஞ்சா அந்தப் பக்கமே வேண்டாம். சென்ட், புகை, கல் எறியறது, ட்ரோன் எதுவும் கூடாது. தேனீ கிளம்பிட்டா கயிறில் இருக்கிறவரை உடனே கீழ இறக்கி, முகத்தை மூடிக்கிட்டு எல்லாரும் தூரமா ஓடணும். அடிக்காதீங்க, நசுங்குற ஒவ்வொரு தேனீயும் மத்ததைக் கூப்பிடும். கொட்டினவருக்கு மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காம ஆஸ்பத்திரி.

108-க்கு போன் பண்ணினா, "எங்க இருக்கீங்க?"ன்னு கேப்பாங்க. "பெரிய பாறைக்குப் பக்கத்துல"ன்னு சொல்ல முடியாது. வண்டி வரக்கூடிய கடைசித் தார்ரோட்டுப் புள்ளி, பக்கத்து ஊர் பேர், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரி மூணையும் ஒரு தாளில் எழுதி மரத்தில் ஒட்டிடுங்க. எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும்னும் எழுதுங்க. ஒரு வண்டி எப்பவும் ரோட்டைப் பாத்து நிக்கட்டும், சாவி யார்கிட்டன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.

கைமாத்த வேண்டியது

மூணு மணிக்குக் கயிறு இறங்கினதும் வீட்டுக்கு ஓடிடாதீங்க. ஒரு மணி நேரம் சீனியர்களைப் பாறை அடிவாரம் முழுக்க நடக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு ரூட்டுக்குக் கீழயும் நின்னு அவங்க சொல்லட்டும்: இங்க ஆங்க்கர் எதில் கட்டுவோம், எந்தப் பிடி ஆடும், யார் எப்போ விழுந்தாங்க, ஏன். கூடவே ஒரு ஜூனியர் நோட்டில் எழுதணும், இன்னொருத்தர் பாறையை போட்டோ எடுத்து அதன் மேல கோடு போடணும். சிரிக்கச் சிரிக்கச் சொல்ற கதைகளில்தான் உபயோகமான தகவல் எல்லாம் ஒளிஞ்சிருக்கும்.

ஒரு வாரத்துக்குள்ள அந்த நோட்டை டைப் பண்ணி கிளப் டிரைவில் போட்டுடுங்க. எந்தக் கயிறு எந்த மாசம் வாங்கினது, எதை வெட்டியாச்சு என்பதும் அதில் இருக்கணும். அடுத்த வருஷ ரீயூனியனை நடத்தப்போற தேர்ட் இயர் ரெண்டு பேரோட பெயரையும் எழுதிடுங்க. ஃபைனல் இயர் பேர் வேண்டாம். நாங்க அப்போ பழைய சீனியரா வந்து, "ஒரே ஒரு ரூட்"னு கேட்டுக்கிட்டு நிப்போம். எங்க முடிச்சையும் யாராவது செக் பண்ணணும் இல்லையா?