ஆக்சியம்-4 விண்வெளிப் பயணம்

ஆக்சியம்-4 என்பது 2025ஆம் ஆண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு நால்வரை ஏற்றிச் சென்ற பயணமாகும். இதில் சென்ற இந்திய விமானப்படை அதிகாரி சுபான்ஷு சுக்லா, அந்நிலையத்தில் தங்கிய முதல் இந்தியர் ஆவார். 1984 ஏப்ரலில் சோவியத்தின் சல்யூட்-7 நிலையத்திற்குச் சென்ற ராகேஷ் சர்மாவுக்குப் பின், 41 ஆண்டுகள் கழித்து புவியின் சுற்றுப்பாதைக்குச் சென்ற இரண்டாவது இந்தியரும் இவரே.

குழுவினர்

பெக்கி விட்சன் (அமெரிக்கா) – தலைவர்
சுபான்ஷு சுக்லா (இந்தியா) – விமானி
சுவாவோஷ் உஸ்னான்ஸ்கி-விஸ்னியெவ்ஸ்கி (போலந்து) – வல்லுநர்
திபோர் கபு (அங்கேரி) – வல்லுநர்

தாமதம்

மே 29 அன்று நடக்கவிருந்த ஏவுதல் பலமுறை தள்ளிப்போனது. ஃபால்கன்-9 ஏவூர்தியில் திரவ ஆக்சிஜன் கசிவு கண்டறியப்பட்டதால் ஜூன் 11ஆம் தேதி ஏவுதல் நிறுத்தப்பட்டது. கசிவை முழுமையாகச் சரிசெய்த பின்னரே ஏவ வேண்டும் என்று இஸ்ரோ வலியுறுத்தியதாக, கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த அதன் தலைவர் வி. நாராயணன் பின்னர் தெரிவித்தார். கசிந்த ஆக்சிஜன் எளிதில் தீப்பற்ற வழிசெய்யும் என்பதால், மனிதர் செல்லும் பயணத்தில் சிறு கசிவும் புறக்கணிக்கத்தக்கதன்று. நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த காற்றுக் கசிவும் தாமதத்தை நீட்டித்தது.

பயணம்

ஜூன் 25 அன்று இந்திய நேரப்படி பகல் 12.01 மணிக்கு, புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து டிராகன் விண்கலம் புறப்பட்டது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் உள்ள நிலையத்தை அடைய 28 மணி நேரம் ஆனது. தூரம் இதற்குக் காரணமன்று. நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. தாழ்ந்த பாதையில் செல்லும் கலம் ஒரு சுற்றைக் குறைந்த நேரத்தில் முடிக்கும். எனவே கலம் முதலில் தாழ்வாகச் சுற்றி, இடைவெளியைக் குறைத்து, பின்னர் படிப்படியாக உயர்ந்து நிலையத்தோடு இணைகிறது.

ஆய்வுகள்

இஸ்ரோ தேர்ந்தெடுத்த ஏழு ஆய்வுகள் நடத்தப்பட்டன. பாசிப்பயறு, வெந்தய விதைகள் முளைத்தல், நுண்பாசி வளர்ச்சி, தசை இழப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். குழுவினர் ஜூலை 15 அன்று கலிபோர்னியா அருகே பசிபிக் பெருங்கடலில் இறங்கினர்.

ககன்யானும் தென்தமிழகமும்

சுக்லா, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட நால்வர் இந்தியாவின் ககன்யான் திட்டத்திற்குப் பயிற்சி பெற்றுள்ளனர். அதன் இயந்திரங்கள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன. எனினும் வீரர்கள் புறப்படும் இடம் ஸ்ரீஹரிகோட்டாவே. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம், சிறிய செயற்கைக்கோள்களைச் செலுத்தும் எஸ்.எஸ்.எல்.வி. ஏவூர்திகளுக்கானது.