சளி என்னும் ஒரு சொல்: இருமலும் கோழையும் இளைப்பும்

மூக்கில் ஒழுகுவதும் சளி, தொண்டையில் கட்டுவதும் சளி, நெஞ்சின் அடியிலிருந்து இருமலோடு வெளிவருவதும் சளி என்று இன்றைய பேச்சுத்தமிழ் மூன்றனையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. கோழை, ஈளை, கபம், ஐயம் என்று பல சொற்களை வைத்திருந்த மொழி இது. மலாய்மொழியோ மூக்கிலிருந்து வருவதை ‘ஹிங்குஸ்’ என்றும், நெஞ்சிலிருந்து வருவதைக் ‘கஹாக்’ என்றும் இன்றளவும் பிரித்தே வழங்குகிறது. ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள தோட்டப்புறத்தில் உழைத்து மூப்படைந்த பாட்டி ஒருவர் மருந்தகத்தில் “சளிங்க” என்று சொல்ல, உடன்சென்ற பேரன் அதனைச் ‘செலெசெமா’ என்று மொழிபெயர்த்தால், மருத்துவர் செவியில் விழுவது வெறும் தடுமனே. ஆறு மாதமாக நெஞ்சை அடைத்த கோழை அங்கே மறைந்துபோகிறது. இவ்வாறு மொழிபெயர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளி மாணவர்மேல் விழுவதால், இக்கட்டுரை அவர்களுக்கும் அவர்தம் ஆசிரியர்களுக்கும் உரியதாகிறது.

கோழை என்பது கழிவுப்பொருள் அன்று. நலமாக இருப்பவர் மூச்சுக்குழாய்களிலும் அது எந்நேரமும் சுரக்கிறது. பெரும்பகுதி நீரான அதில் தூசும் கிருமியும் ஒட்டிக்கொள்ள, குழாய்ச் சுவரில் உள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்குமேல் அசைந்து அதனைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். புகை இம்மயிர்களை முடக்குகிறது. ஆஸ்துமாவில் குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, கோழையும் மிகுகிறது. மயிரால் ஏற்ற இயலாததை உடல் இருமலால் ஏற்ற முனைகிறது. ஆதலால், கோழையுள்ளவருக்கு இருமலையே அடக்கிவிடும் மருந்தைத் தாமாக வாங்கிக் கொடுப்பது, வடிகாலை அடைப்பதற்கு ஒப்பாகும்.

இருமும் நெஞ்சங்கள் அனைத்தும் ஒரே நோயுடையன அல்ல. சிறுவயதில் தொடங்கி, விட்டுவிட்டு வந்து, இரவிலும் விடியலிலும் கூடுவது பெரும்பாலும் ஆஸ்துமா. ஆண்டில் மூன்று மாதமாகத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கோழையோடு இருமினால், அது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. புகைபிடிப்போர்க்கே இது வரும் என்று எண்ணுவது பிழை. ரப்பர்ப் பால்தகடுகளை விறகுப் புகையில் நாள்கணக்காக உலர்த்திய கூடங்களும், லயத்து வீடுகளின் விறகடுப்புகளும் நம் தோட்ட வாழ்வில் இருந்தன. சிகரெட்டைத் தொடாத மூதாட்டியர்க்கும் விறகுப் புகையால் நுரையீரல் அடைப்பு நோய் வரக்கூடும் என்பது இன்று உலகறிந்த செய்தி.

மலாயில் ‘லெலா’ என்னும் சொல் களைப்பையும் குறிக்கும், ஆஸ்துமாவையும் குறிக்கும். நம் ‘இளைப்பு’ம் அவ்வாறே இருபொருள் தருவது வியப்புக்குரியது. ஆயினும் இந்த இளைப்புக்கு ஓய்வு மருந்தாகாது. உறிஞ்சு மருந்துகள் இருவகை. பெரும்பாலும் நீலநிறக் கூட்டில் வரும் சால்பியூட்டமால் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தையோ அது தொடுவதில்லை. வீக்கத்தைத் தணித்துக் கோழையைக் குறைப்பது ஸ்டீராய்டு அடங்கிய தடுப்பு மருந்து. அதன் பயன் உடனே தெரியாது. ஆகவே பலர் அதனை அலமாரியில் வைத்துவிட்டு நீலத்தையே நம்புகின்றனர். இந்நம்பிக்கை உயிரைப் பறித்ததுண்டு. ‘ஜினா’ எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இல், பெரியவர்களும் பதின்பருவத்தினரும் நீல மருந்தை மட்டும் கொண்டு ஆஸ்துமாவைக் கையாளலாகாது என்று தெளிவாக அறிவித்தது. ஸ்டீராய்டு என்றவுடன் அஞ்சவேண்டா. உறிஞ்சும் அளவு மிகச் சிறிது. உறிஞ்சியபின் வாய் கொப்பளித்துத் துப்புதல் வேண்டும். சிறுவர்க்கு இடைக்குழாய் இன்றியமையாதது. வாங்க வழியில்லாத இடத்தில் 500 மில்லிலிட்டர் நெகிழிப் போத்தலைத் தக்கவாறு துளையிட்டுப் பயன்படுத்தலாம் என்று கேப்டவுன் மருத்துவர்கள் 1999இல் ஆய்ந்து காட்டினர்.

கோழையை வெளியேற்றுவதில் ஒரு முறை உண்டு. தொடர்ந்து குலுங்கி இருமினால் குழாய்கள் மேலும் இறுகும்; கோழையோ இருந்த இடத்திலேயே நிற்கும். நிமிர்ந்து அமர்ந்து, தோள்களைத் தளர்த்தி, சிறிது நேரம் மென்மையாக மூச்சுவிடுக. பின்னர் மூன்று நான்கு முறை ஆழ மூச்செடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி விடுக. அதன்பின், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து ‘ஹா’ என்று நீளமாக ஊதுக. கோழை தொண்டையருகே வந்தது தெரிந்தபின் ஓரிருமுறை இருமினாற் போதும். இடையில் மீண்டும் மென்மூச்சு விடுதலை மறத்தல் கூடாது. அப்பகுதிதான் குழாய்கள் இறுகாமல் காக்கிறது. மூச்சில் விசில் ஒலி இருப்பின், முதலில் நீல மருந்து. அது பயன்தந்த பின்னரே இப்பயிற்சி.

வீட்டு மருந்துகளைக் குறித்துப் பலரும் வினவுவர். ஆடாதோடையை நம் முன்னோர் இருமலுக்கு வழங்கியது வீணன்று. அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து 1960களில் உருவாயிற்று. எனினும் ஆஸ்துமாவின் வீக்கத்தை இரண்டுமே ஆற்றுவதில்லை. கற்பூரவள்ளியும் துளசியும் தொண்டைக்கு இதமளிக்கலாம். தடுப்பு மருந்துக்கு மாற்றாகா. கொதிநீர்ச் சட்டியில் ஆவி பிடிக்கும் வழக்கத்தைக் குழந்தைகளிடமிருந்து விலக்குவதே நன்று; கவிழ்ந்து வெந்த உடல்கள் பல. பால் சளியைப் பெருக்கும் என்பதற்கும் சான்றில்லை. அது உமிழ்நீரோடு கலந்து சிறிது நேரம் தொண்டையில் தடித்ததுபோல் தோன்றுவதே காரணம்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐக் கடந்தால், ஆஸ்துமா உள்ள மாணவரைத் திடலுக்கு அனுப்பலாகாது. ஒரு முழுத் தொடரைப் பேசி முடிக்க இயலாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, வகுப்பு முடியட்டும் என்று காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டும். நீல மருந்தைக் கொடுத்தவாறே உதவிக்குக் காத்திருத்தல் முறை.

இரண்டு வாரங்களுக்குமேல் இருமல் நீடித்தால் காசநோய்க்காகக் கோழையைச் சோதிப்பர். இங்கும் சொல்தான் இடறுகிறது. “சளி கொண்டு வாருங்கள்” என்றால் பலர் சிறுபுட்டியில் எச்சிலைத் துப்பிக் கொடுக்கின்றனர். எச்சிலைக்கொண்டு நம்பத்தக்க முடிவைப் பெற இயலாது. “காலையில் எழுந்து வாய் கொப்பளித்தபின், ஆழ மூச்செடுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி வரும் கோழை” என்று பாட்டிக்கு விளக்கிச் சொல்லிப் புட்டியைக் கையில் கொடுப்பது உடன்சென்ற பேரனின் வேலை.