“வேற மாத்திரை ஏதும் போடுறியாம்மா?”

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது மாட வீதிகளில் கரும்புத் தொட்டில்கள் வலம் வரும். பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், பிறந்த குழந்தையைக் கரும்பில் கட்டிய சேலைத் தூளியில் கிடத்தி, தோளில் சுமந்து நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள். ஒருத்தி கருவுற்றிருக்கிறாள் என்பது தெருவுக்கே நல்ல சேதியாக இருக்கும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், கருவுற்றவள் போதை தரும் வலி மாத்திரையை விட முடியாமல் தவிக்கிறாள் என்றால் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? மாமியாரிடமா, செவிலியரிடமா? பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியபோது நாடே பேசியது. கஞ்சாவைப் பற்றியும் நாம் பேசாத நாளில்லை. ஓபியாய்டு என்ற வகையைப் பற்றித்தான் நம் வீடுகளில் பேச்சே இல்லை. அபினிலிருந்து வரும் மார்பின், கோடீன், மார்பினின் வாரிசான ஹெராயின், ஆய்வகத்தில் செய்யப்படும் டிரமடால், டேபென்டடால் எல்லாம் இந்த வகைதான். வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பற்றியும், மாத்திரை அட்டைகளோடு பிடிபட்டவர்கள் பற்றியும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் சில ஆண்டுகளாகவே படித்துவருகிறோம். அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இளைஞர்கள்தான் வருகிறார்கள். பெண்கள் வருவதில்லை என்பதால் பெண்களே இல்லை என்று ஆகிவிடாது.

தாய் போடும் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் போகிறது. மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளைத்தண்டிலும் குடலிலும் கருவிலேயே உண்டு. மாதக்கணக்கில் மருந்தின் அமுக்கத்துக்கு நடுவே வளரும் நரம்புகள், அதற்கு ஈடுகொடுக்கத் தம் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கின்றன. தொப்புள்கொடியை வெட்டியதும் மருந்தின் வரத்து நின்றுவிடுகிறது. கூட்டி வைத்த வேகம் நிற்பதில்லை. பிறந்த குழந்தையின் மருந்து விலகல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். குழந்தை கிறீச்சிட்டு அழும், கைகால் நடுங்கும், உடம்பு விறைக்கும். ஓயாமல் தும்மும், கொட்டாவி விடும், உறங்காது. காம்பைத் தேடித் தவிக்கும், ஆனால் ஒழுங்காக உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. வாந்தியும் பேதியும் வரும், எடை இறங்கும், சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரலாம். இது பெரியவர்களுக்கு வரும் போதை வெறி அல்ல. குழந்தைக்கு ஏக்கமும் இல்லை, தேடலும் இல்லை. பழகிப்போன உடம்பின் தவிப்பு மட்டுமே. நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ கவனித்தால் அது தணியும். ‘போதைக் குழந்தை’ என்று முத்திரை குத்துவது அறிவியலுக்கும் பொருந்தாது, அந்தக் குழந்தைக்கும் நியாயம் ஆகாது.

என் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது: குழந்தைக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு மருந்தால் மட்டும் வருவதில்லை, மறைப்பதாலும் வருகிறது. நடுக்கமும் பால் குடிக்காமையும் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் வரும், கால்சியம் குறைந்தாலும் வரும், கிருமித்தொற்றிலும் வரும். தாய் என்ன எடுத்துக்கொண்டாள் என்று தெரியாத மருத்துவர் இத்தனையையும் ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். நாள் கணக்கும் சிக்கலானது. ஹெராயின் போன்ற குறுகிய நேர மருந்தென்றால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அறிகுறி தலைகாட்டிவிடும். நீண்ட நேரம் நிற்கும் மெத்தடோன் என்றால் ஐந்தாறு நாள்கூட ஆகலாம். சுகப்பிரசவம் ஆனவர்களை அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் பாட்டி என்ன நினைப்பாள்? சீர் தட்டியிருக்கிறது என்பாள், தோஷம் என்பாள். உரை மருந்து இழைத்துக் கொடுப்பாள், கயிறு மந்திரித்துக் கட்டுவாள். அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவளுக்கும்தான் யாரும் உண்மையைச் சொல்லவில்லையே. மறைப்பதில் இன்னும் பெரிய ஆபத்து கர்ப்ப காலத்திலேயே இருக்கிறது. பயந்துபோன பெண் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டால் அவள் உடம்பில் எழும் கொந்தளிப்பு கருவையும் உலுக்கும். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், கருவின் மூச்சுத்திணறல் எல்லாம் அதில் அடங்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓபியாய்டு சார்புள்ள கர்ப்பிணிகளிடம் அதைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாமல், மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்ஃபின் மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுக்கச் சொல்கிறது.

இவையும் ஓபியாய்டுகள்தானே, ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கருவுக்குக் கெடுதல் செய்வது மருந்து மட்டுமல்ல. அந்த மருந்து ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவதும் கெடுதல்தான். தெருவில் வாங்கும் சரக்கில் அளவும் தெரியாது, கலப்படமும் தெரியாது. ஊசியென்றால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் கூடவே வரும். அளந்து கொடுக்கும் மருந்தில் இந்த ஏற்ற இறக்கம் அடங்குகிறது, பெண் மாதாமாதம் பரிசோதனைக்கு வருகிறாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். பிறக்கும் குழந்தைக்கு விலகல் வரலாம்தான். ஆனால் அது முன்கூட்டியே எதிர்பார்த்துச் சமாளிக்கக்கூடிய விலகல். எதைக் கொடுப்பது என்பதிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பல நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், பியூப்ரெனார்ஃபின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, மெத்தடோன் எடுத்தவர்களின் குழந்தைகளைவிட 89 சதவீதம் குறைவான மார்பினே தேவைப்பட்டது. மருத்துவமனையில் இருந்த காலமும் 43 சதவீதம் குறைந்தது. தாய்ப்பாலைப் பற்றிய பயமும் பெரும்பாலும் வீண். சிகிச்சையில் நிலைத்திருக்கும் தாய், மருத்துவர் சொல்லும் வேறு தடை ஏதும் இல்லாவிட்டால், பால் கொடுக்கலாம். அது குழந்தையின் தவிப்பைக் குறைக்கிறது என்றே தெரிகிறது.

குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து, குறிப்பேட்டில் மதிப்பெண் போட்டு, மார்பின் சொட்டுகள் கொடுப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1975இல் லொரெட்டா ஃபின்னகன் வகுத்த அறிகுறிப் பட்டியல் உலகெங்கும் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டார்கள்: குழந்தை பால் குடிக்கிறதா, உறங்குகிறதா, தூக்கினால் அடங்குகிறதா? அடங்கினால் மருந்தே வேண்டாம். மங்கிய வெளிச்சம், சத்தமில்லாத அறை, தாயின் மார்போடு அணைப்பு, கேட்கும்போதெல்லாம் பால் என்பதுதான் முதல் சிகிச்சை. இந்த முறையை 26 மருத்துவமனைகளில் சோதித்து 2023இல் முடிவு வந்தது. குழந்தை வீட்டுக்குப் போகத் தயாராக 14.9 நாள் பிடித்த இடத்தில் 8.2 நாளே போதுமானது. மருந்து தேவைப்பட்டவர்கள் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகக் குறைந்தார்கள். நம் கிராமங்களில் பத்தியக்காரியையும் பிள்ளையையும் ஒரே இருட்டறையில் படுக்க வைப்பதை ‘நாகரிகம் இல்லாத வழக்கம்’ என்று கேலி செய்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இந்த மருத்துவத்துக்குத் தாயே மருந்து. தாயைச் சிறைக்கு அனுப்பிவிட்டால் பிள்ளைக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்?

அனுப்பிப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2014இல், கர்ப்ப காலத்தில் போதை மருந்து எடுத்து, அதனால் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் தாய்மீது வழக்குப் போடலாம் என்று சட்டம் போட்டது. பயந்த பெண்கள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்தினார்கள். கர்ப்பகாலப் பரிசோதனை குறைந்தது என்றும் கருவிலும் கைக்குழந்தையிலும் இறப்பு கூடியது என்றும் ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். 2016இல் சட்டம் காலாவதியானது. அதற்கு முன்பு, 1980களில், கொக்கைன் எடுத்த தாய்மாரின் பிள்ளைகள் ஒரு தலைமுறையாகவே வீணாய்ப் போவார்கள் என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் அலறின. ஃபிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற மருத்துவர் அப்படிப் பிறந்த குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார். கொக்கைனைவிட வறுமையே அவர்களின் வளர்ச்சியை அதிகம் பாதித்தது என்று தெரிந்தது. ஓபியாய்டு விஷயத்திலும் படம் ஏறக்குறைய அப்படித்தான். பிறப்பு எடை குறைவது உண்மை, பார்வைக் கோளாறுகள் சற்றுக் கூடுவது உண்மை. படிப்பிலும் கவனத்திலும் சில ஆய்வுகள் சிறு பின்னடைவைக் காட்டுகின்றன. ஆனால் அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, புகையிலை, ஊட்டக்குறைவு, வன்முறை நிறைந்த வீடு இவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கேடு இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறந்த அன்றே எழுதிவைத்த தலையெழுத்து இல்லை என்கிறேன்.

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை, திருவண்ணாமலையில் யாருக்கு வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் ஏறக்குறைய 2.26 கோடி. ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 0.2 சதவீதம். பெண்களின் விகிதம் சிறியதுதான். ஆனால் இந்தியாவின் மக்கள்தொகையில் பெருக்கிப் பார்த்தால் அது ஏறக்குறைய 10 லட்சம் பெண்கள். வீட்டு வாசலில் நின்று கேட்டால் எத்தனை பெண்கள் ஒப்புக்கொள்வார்கள் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பாதிப்பு அதிகம் வடகிழக்கிலும் பஞ்சாபிலும்தான் என்பது உண்மை. ஆனால் அபின் நம் நாட்டுத் தாய்மாருக்கு அந்நியச் சரக்கு அல்ல. 1920களில் பம்பாய் ஆலைகளுக்கு வேலைக்குப் போன பெண்கள், திரும்பும்வரை குழந்தை அழாமல் கிடக்க ‘பாலகோலி’ என்ற அபின் உருண்டையைக் கொடுத்தார்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே முறையை ஏற்படுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தொகை பெருகிய பின் தொடங்குவது எப்போதுமே செலவு அதிகம்.

தமிழ்நாடு இதை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தபோது சமூகத்தில் எழுந்த பயமும் வெறுப்பும் கொஞ்சமா? இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிக்கு எச்ஐவி சோதனை வழக்கமாக நடக்கிறது. தொற்று இருந்தால் யாரும் அவளை விரட்டுவதில்லை. அவளுக்கு மருந்து, பிறக்கும் குழந்தைக்கும் மருந்து. தாயைக் காப்பாற்றித்தான் குழந்தையைக் காப்பாற்றினோம். அதே வழி இதற்கும் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய பிக்மி எண் உண்டு, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை உண்டு, செங்கத்திலிருந்து ஜவ்வாது மலை வரை வீடு தேடிப்போகும் கிராம சுகாதார செவிலியர் உண்டு. இந்தப் பதிவின்போதே, ரத்த அழுத்தம், சர்க்கரையோடு சேர்த்து, “வேற மாத்திரை ஏதும் போடுறியாம்மா? வலிக்கு, தூக்கத்துக்கு?” என்று தனியே, கணவனும் மாமியாரும் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். எல்லாப் பெண்களிடமும் கேட்க வேண்டும். சந்தேகப்பட்டவளிடம் மட்டும் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். பதில் கிடைத்தால் அனுப்ப ஓர் இடமும் வேண்டும். பியூப்ரெனார்ஃபின் கொடுக்கும் அரசு மையங்கள் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களை மனதில் வைத்தே உருவானவை. அவை பிரசவ வார்டோடு கைகோக்க வேண்டும், ஒவ்வொரு மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும். இரக்கம் காட்டினால் போதை பெருகிவிடும் என்று சொல்பவர்கள், இந்தியச் சட்டமே ஓரளவுக்கு அந்த இரக்கத்தைக் காட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையானவர்களுக்கு, சிறு அளவு சார்ந்த குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது.

இதைப் படிக்கும் யாருக்காவது இந்தச் சிக்கல் வீட்டில் இருந்தால் ஒன்றே ஒன்று: மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பிரசவத்தின்போது சொல்ல மறந்தால்கூட, குழந்தையை வீட்டுக்கு எடுத்துப் போகுமுன் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446க்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.