இணையவழிக் காணொளி வகுப்புகளில் மாணவர் ஈடுபாடும் கூட்டுக் கற்றலும்

இணையவழிக் காணொளி வகுப்பு என்பது ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி, சூம், கூகுள் மீட் போன்ற செயலிகள் வழியாக ஒரே நேரத்தில் கூடிப் பாடம் நடத்தும் முறையாகும். இதில் மாணவர் ஈடுபாடு என்பது திரையில் பெயர் தெரிவதைக் குறிக்காது. மாணவர் கேட்பது, எழுதுவது, வினவுவது, பிறருடன் சேர்ந்து ஒன்றைச் செய்து முடிப்பது ஆகியவையே ஈடுபாடு. விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த ஈடுபாட்டை வளர்க்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் இடையில் சில வாரங்கள் நடந்து, மீண்டும் நிறுத்தப்பட்டு, 2021 செப்டம்பர் 1 அன்று தொடங்கின. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பள்ளியறையில் அமராமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி இக்காலத்தில் பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. திறன்பேசி இருந்த வீடுகளில் காணொளி வகுப்பும் வாட்சப் குழுவுமே ஆசிரியரை எட்டும் வழிகளாக இருந்தன.

பள்ளிகள் திறந்த பின்னும் மழை விடுமுறை, நுழைவுத்தேர்வுப் பயிற்சி, கல்லூரிப் பாடங்கள் எனக் காணொளி வகுப்புகள் தொடர்கின்றன.

வீட்டுச் சூழல்

இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. ஆலையில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் குடும்பத்தில் ஒரே திறன்பேசி இருந்தால், அது தந்தையுடன் ஆலைக்குப் போய்விடும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரக் காணொளி பல நூறு மெகாபைட் தரவை எடுத்துக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய சிற்றூர்களில் சிக்னலும் ஒரே சீராக இருப்பதில்லை.

ஆகவே ஒரு மாணவர் வகுப்புக்கு வராததை உடனே சோம்பலாகக் கொள்ளக் கூடாது. வகுப்பைத் திட்டமிடும் முன், எந்த வீட்டில் எந்த நேரத்தில் திறன்பேசி இருக்கும் என்று ஒரு பட்டியல் எடுப்பது நல்லது. முக்கிய வகுப்பை மாலை 6 மணிக்கு மேல் வைப்பதாலேயே பலர் வந்து சேர வாய்ப்புண்டு.

கேமராவும் களைப்பும்

முகம் தெரிந்தால்தான் கவனம் இருக்கும் என்பது பரவலான கருத்து. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்றில், மாணவர்கள் கேமராவை அணைத்து வைப்பதற்குத் தம் தோற்றம் பற்றிய கூச்சமே மிகுதியாகச் சொல்லப்பட்ட காரணமாக இருந்தது. பின்னால் வீட்டாரும் அறையும் தெரிவது, இணைய வேகக் குறைவு ஆகியவையும் கூறப்பட்டன. ஒற்றை அறை வீட்டில் இருக்கும் மாணவருக்கு இவை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கேமராவைக் கட்டாயமாக்காமல், வகுப்பின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் மட்டும் போடச் சொல்லி வணக்கம் கூறிப் பின் அணைக்க விடலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் காணொளிக் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். மிக அருகில் தெரியும் முகங்களின் பார்வை, தன் முகத்தைத் தானே ஓயாமல் பார்ப்பது, அசையாமல் அமர்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது என்பன அவை. இந்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதலும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளும், 9 முதல் 12 வரை நான்கு அமர்வுகளும் போதும் என்று வரையறுத்தது.

கேள்வியும் காத்திருப்பும்

“புரிந்ததா?” என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதிலாகும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருப்பதைக் கண்டறிந்தார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. அதுவரை பேசாதவர்களும் பேசினர். காணொளியில் ஒலி வந்து சேரும் தாமதமும், ஒலிவாங்கியைத் திறக்கும் நேரமும் சேர்கின்றன. எனவே பத்து வினாடியாவது காத்திருக்க வேண்டும். எல்லோரும் நோட்டில் விடையை எழுதியபின் இருவரின் பெயரைச் சொல்லிப் படிக்கக் கேட்பது இன்னும் நல்ல முறை.

நால்வர் குழு

நாற்பது பேர் கொண்ட வகுப்பைப் பத்து நால்வர் குழுக்களாகப் பிரித்து, ஒரு மாதமாவது மாற்றாமல் வைத்திருக்கலாம். படிப்பவர், எழுதுபவர், கேள்வி கேட்பவர், வகுப்புக்கு அறிவிப்பவர் என்ற பொறுப்புகள் வாரந்தோறும் சுழல வேண்டும். இல்லையெனில் நன்றாகப் படிக்கும் ஒருவரே வேலை முழுவதையும் செய்துவிடுவார். செயலியில் தனி அறை வசதி இல்லாவிட்டால், குழுவினர் வாட்சப் குழு அழைப்பில் பத்து நிமிடம் பேசித் திரும்பலாம்.

எலியட் அரான்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உருவாக்கிய ‘ஜிக்சா’ முறை இதற்கு ஏற்றது. பாடத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி தரப்படும். நால்வரும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். எடுத்துக்காட்டாக, பஞ்சு கட்டுத்துணி ஆகும் கதையில் பருத்தி, நூற்பு, நெசவு, வெளுப்பு என நான்கு பகுதிகள் உண்டு. ஆலையில் வேலை பார்க்கும் பெற்றோரிடம் மாணவர் கேட்டு வரலாம். பாடநூலில் உதவ முடியாத பெற்றோர் இங்கே விவரம் சொல்பவர் ஆகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையும் என்ன அளவில் சேர்கின்றன, பால் எவ்வளவு சுண்டுகிறது என்று விசாரித்து விகிதக் கணக்கு போடலாம்.

பிரிந்திருப்பதே வாய்ப்பு

மாணவர்கள் பல இடங்களில் இருப்பது காணொளி வகுப்பின் குறை மட்டுமன்று. ஒரே நேரத்தில் நாற்பது வீடுகளில் அளவெடுக்க வகுப்பறையால் முடியாது. நண்பகல் 12 மணிக்கு ஒரு மீட்டர் குச்சியின் நிழலை எல்லோரும் அளக்கலாம். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் நிழலின் நீளம் ஏறக்குறைய ஒன்றாகவே வர வேண்டும். வேறுபட்டால் குச்சி சாய்ந்ததா, தரை சரிவா என்று குழு ஆராயும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பக்கம் நேரான டம்ளரைத் திறந்தவெளியில் வைத்து மழையளவை எடுத்தால் இரண்டு ஊர்களிலும் வெவ்வேறு அளவு வரக்கூடும். நிழல் ஏன் ஒன்றாக இருக்கிறது, மழை ஏன் மாறுகிறது என்பது அடுத்த வகுப்புக்கான விவாதம்.

40 நிமிட வகுப்புக்கு ஒரு திட்டம்

முதல் 5 நிமிடம்: முந்தைய பாடத்தில் ஒரு கேள்வி, விடை நோட்டில்.
அடுத்த 10 நிமிடம்: ஆசிரியர் விளக்கம்.
அடுத்த 12 நிமிடம்: நால்வர் குழு வேலை.
அடுத்த 8 நிமிடம்: மூன்று குழுக்களின் அறிவிப்பு.
கடைசி 5 நிமிடம்: கற்றது ஒரு வரி, புரியாதது ஒரு வரி எழுதிப் படமெடுத்து அனுப்புதல்.

சூம் செயலியின் கட்டணமில்லாச் சேவை 40 நிமிடத்தில் முடிவதால் இத்திட்டம் அதற்குள் அடங்கும்.

வராத மாணவர்

ஒவ்வொரு குழுவும் தன் நால்வரில் யார் வரவில்லை என்று அன்றே அறிந்து, பாடத்தைக் குரல் பதிவாக அனுப்பலாம். திறன்பேசியே இல்லாதவரை, அருகில் குடியிருக்கும் மாணவரின் குழுவில் சேர்க்கலாம். மூன்று வகுப்புகள் தொடர்ந்து வராதவரின் வீட்டுக்கு ஆசிரியர் சாதாரண தொலைபேசியில் பேச வேண்டும். படிப்பை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளை ஒரே நாளில் நிற்பதில்லை. ஒரு வகுப்பு, இரண்டு வகுப்பு என்றுதான் விலகத் தொடங்கும். பள்ளியறையில் காலியிடம் கண்ணில் படும். திரையில் அது படாது.

வரம்புகள்

எழுத்தறியத் தொடங்கும் சிறு குழந்தைகளுக்குக் காணொளி வகுப்பு அருகிருந்து கற்பிப்பதற்கு ஈடாகாது. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், 1 முதல் 8 வரையிலான மாணவர்களுக்கு, ஒரு தன்னார்வலருக்கு அதிகபட்சம் 20 பேர் என்ற அளவில், அவரவர் தெருவிலேயே மாலை நேரத்தில் கற்பிக்கப்பட்டது. இழந்த கற்றலை ஈடுசெய்ய மீண்டும் நேரில் அமரும் சிறு குழுவே தேவைப்பட்டது.