கமலாம்பாள் சரித்திரமும் பத்மாவதி சரித்திரமும்: நாவலில் தத்துவம் பற்றிய விவாதம்

தமிழின் தொடக்க கால நாவல்களைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அருகருகே வைக்கப்படும் இரண்டு நூல்கள் பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்', அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' ஆகியவை. இரு ஆசிரியர்களும் 1872இல் பிறந்தவர்கள். இருவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்கள். ஆனால் ஒருவர் தம் நாவலை வேதாந்தத்தை நோக்கிக் கொண்டுசென்றார். மற்றவர் சமூகச் சீர்திருத்தத்தை நோக்கிக் கொண்டுசென்றார். இவற்றுள் எது சிறந்த நாவல் என்ற கேள்வி, ஒரு நாவலில் தத்துவத்துக்கு எவ்வளவு இடம் தரலாம் என்ற பெரிய கேள்வியோடு பிணைந்திருக்கிறது. இக்கட்டுரை அந்த விவாதத்தையும், அதில் வாசகர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களையும் விளக்குகிறது.

கல்லூரியும் காலமும்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி இன்று தாம்பரத்தில், மரங்கள் அடர்ந்த பெரிய வளாகத்தில் இயங்குகிறது. அது அங்கு இடம்பெயர்ந்தது 1937இல்தான். ராஜம் ஐயரும் மாதவையாவும் படித்த காலத்தில் அது சென்னை நகரின் பாரிமுனைப் பகுதியில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது.

அக்கல்லூரியில் மாணவர்கள் ஆங்கில இலக்கியத்தையும் மேலைத் தத்துவத்தையும் கிறித்தவ சமயக் கல்வியையும் ஒருசேரப் பயின்றார்கள். தங்கள் வீட்டு மரபை வெளியிலிருந்து கேள்வி கேட்கும் ஆசிரியர்களை அங்கே சந்தித்தார்கள். சிலர் அக்கேள்விகளை ஏற்றுத் தம் சமூகத்தைத் திருத்த முனைந்தார்கள். வேறு சிலர் அக்கேள்விகளுக்கு விடை தேடித் தம் மரபுக்குள்ளேயே ஆழ்ந்து சென்றார்கள். இவ்விரு நாவல்களும் ஏறத்தாழ இந்த இரண்டு எதிர்வினைகளுக்கும் எடுத்துக்காட்டுகள் எனலாம்.

கமலாம்பாள் சரித்திரம்

வத்தலக்குண்டைச் சேர்ந்த ராஜம் ஐயர் இந்நாவலை 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக எழுதினார். 1896இல் அது நூலாக வந்தது. 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது அதன் முழுப் பெயர். 1896இல் தொடங்கப்பட்ட 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில இதழுக்கும் அவர் ஆசிரியராக இருந்தார். 1898இல், 26 வயதில் காலமானார்.

நாவலின் முற்பகுதி மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்ற கிராமத்தில் நடக்கிறது. முத்துசாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள், பெண்கள் கூடிப் பேசும் வம்பு, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழாசிரியரின் வேடிக்கைகள், பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரன் என்று ஊரே உயிரோடு நடமாடுகிறது. வம்பாகத் தொடங்கிய பேச்சு அபவாதமாக முற்றுகிறது. அதை நம்பிய கணவர் மனைவியைச் சந்தேகிக்கிறார். குடும்பம் சிதறுகிறது. பிற்பகுதியில் முத்துசாமி ஐயர் துறவு மனநிலைக்குச் சென்று, ஒரு குருவின் அருகில் அமைதியைத் தேடுகிறார்.

கதை சொல்வது மட்டுமே தம் நோக்கமன்று, அலைந்து தவித்த ஓர் ஆத்மா அமைதி அடைவதைக் காட்டுவதே நோக்கம் என்ற கருத்தை ராஜம் ஐயரே நூலின் முடிவில் தெரிவித்திருக்கிறார்.

விவாதத்தின் மையம்

முற்பகுதியைப் பாராட்டாத வாசகர் அரிது. பிற்பகுதியில்தான் கருத்து பிரிகிறது.

ஒரு தரப்பின் வாதம் இது: முற்பகுதியில் மனிதர்கள் தாமாகப் பேசுகிறார்கள். பிற்பகுதியில் ஆசிரியரின் வேதாந்தம் அவர்கள் வாயால் பேசுகிறது. கிராமம் மறைகிறது, நகைச்சுவை மெலிகிறது. ஆகவே நாவல் இரண்டாக உடைந்துவிடுகிறது.

மறுதரப்பின் வாதம் இது: முற்பகுதியில் வரும் வம்பும் பொறாமையும் சந்தேகமும் வெறும் காட்சிகள் அல்ல. மனிதன் கேட்டதை எல்லாம் உண்மை என்று நம்பித் துன்பப்படுகிறான் என்பதற்கு அவை சான்றுகள். பொய்யான ஒரு சொல் ஒரு வீட்டையே அழிக்க முடியும் என்றால், மனம் பற்றிக்கொள்ளும் 'உண்மை' எது என்ற கேள்வி தானாக எழும். பிற்பகுதி அக்கேள்விக்கு விடை தேடுகிறது. ஆகவே நாவல் உடையவில்லை, ஆழம் கொள்கிறது.

இந்த விவாதம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நாவலின் கடைசிப் பகுதி, அன்னாவின் சாவுக்குப் பிறகு லெவினின் ஆன்மிகத் தேடலைத் தொடர்கிறது. அது நாவலின் சிகரமா, தேவையற்ற வாலா என்று வாசகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

வேதாந்தமும் அறமும்

பிற்பகுதியைப் பற்றிய கேள்விக்கு ஒரு தத்துவப் பின்புலமும் உண்டு. உலகம் மாயை என்றால் அதில் வாழும் மனிதர்களிடம் ஒருவருக்குள்ள கடமை என்ன? வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது அக்காலக் கிறித்தவ விமர்சகர்கள் பலர் முன்வைத்த குற்றச்சாட்டு. அதே கல்லூரியில் பின்னர் படித்த எஸ். ராதாகிருஷ்ணன், இக்குற்றச்சாட்டுக்கு விடையாகத் தம் முதுகலை ஆய்வை எழுதினார். வேதாந்தத்தின் அறவியலைப் பற்றிய அந்த நூல் 1908இல் வெளிவந்தது. உலகம் முழுமுதல் உண்மை அல்ல என்பதால் அது பொருளற்றது என்று ஆகிவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக், கன்மக் கோட்பாட்டையும் கிறித்தவ மீட்புக் கருத்தையும் ஒப்பிட்டு எழுதியவர்.

இப்பின்புலத்தோடு கமலாம்பாளைப் படித்தால் கேள்வி கூர்மையாகிறது. முத்துசாமி ஐயர் அமைதி தேடிப் போகிறார். அவர் சந்தேகத்தால் காயப்பட்ட கமலாம்பாளுக்கு யார் பதில் சொல்வது? நாவலுக்கு அவள் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. தத்துவப் பயணத்தின் பெரும்பகுதியோ அவருடையது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமுண்டா என்று கல்லூரி வகுப்பில் எழுந்த கேள்வி, நாவலுக்குள் ஒரு பெண்ணின் துயரமாக நிற்கிறது. இதை நாவலின் குறை என்று சொல்லலாம். அந்தக் கேள்வியை நம்மிடம் எழுப்பியதே நாவலின் வெற்றி என்றும் சொல்லலாம்.

பத்மாவதி சரித்திரம்

திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தைச் சேர்ந்த மாதவையா, உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் அரசு அலுவலராகப் பணியாற்றினார். 'பத்மாவதி சரித்திரம்' முதல் பாகம் 1898இலும் இரண்டாம் பாகம் 1899இலும் வெளிவந்தன. பிற்காலத்தில் அவர் நடத்திய 'பஞ்சாமிர்தம்' இதழில் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினார். 1925இல் அவர் காலமானதால் அது முற்றுப்பெறவில்லை.

இந்நாவலிலும் கணவன் மனைவியைச் சந்தேகிக்கிறான். ஆனால் மாதவையா அதற்கான காரணத்தைச் சமூகத்தில் தேடுகிறார். கல்வி மறுக்கப்பட்ட பெண்கள், இளவயதுத் திருமணம், ஆங்கிலம் படித்தும் பழைய மனப்பாங்கு மாறாத ஆண்கள் ஆகியோர்மீது அவர் பார்வை செல்கிறது. 1903இல் நூலாக வந்த 'முத்துமீனாட்சி'யில் ஒரு கைம்பெண்ணையே தன் கதையைச் சொல்லவைத்து, மறுமணத்துக்காக வாதிட்டார்.

மாதவையாவின் நாவலைப் பாராட்டுவோர் அதன் சமூகக் கூர்மையைச் சொல்கிறார்கள். குறைகாண்போர், சீர்திருத்தக் கருத்துகளை எடுத்துரைப்பதற்காக ஆசிரியர் அடிக்கடி கதைக்குள் தலையிடுவதைச் சுட்டுகிறார்கள். அதாவது ராஜம் ஐயர்மீது சொல்லப்படும் அதே குறை இங்கும் உண்டு. கருத்துதான் வேறு.

பல்லாவரத்திலிருந்து மூன்றாவது குரல்

அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள், பணியிலிருந்து விலகிய பின் தாம்பரத்துக்கு வடக்கே உள்ள பல்லாவரத்தில் குடியேறினார். சைவ சித்தாந்த அறிஞர், தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடி என்று அறியப்படும் அவரும் நாவல் எழுதியிருக்கிறார். 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' ஆங்கிலத்தில் ரெய்னால்ட்ஸ் எழுதிய நாவலின் தழுவல். 'கோகிலாம்பாள் கடிதங்கள்' கடிதங்களாலேயே அமைந்த நாவல். அதில் கருத்து கதையில் மட்டும் இல்லை, மொழிநடையிலேயே இருக்கிறது. தூய தமிழ் நடை என்பதே ஒரு கொள்கையாகிவிட்டபோது, ஒவ்வொரு வாக்கியமும் வாதமாகிறது. நாவலில் தத்துவம் நுழையும் வழிகள் எத்தனை என்பதற்கு இது நல்ல சான்று.

விமர்சகர்களின் அளவுகோல்கள்

தமிழ் நாவலின் தரத்தைப் பற்றிய விவாதத்தில் முதன்மையான இரண்டு போக்குகள் உண்டு.

முதலாவது, க. நா. சுப்ரமண்யத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இலக்கியத் தரம் சார்ந்த போக்கு. ஒரு நாவல் தனக்குள் முழுமையான உலகமாக நிற்கிறதா என்று அது கேட்கிறது. க. நா. சு. 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்ற நூலில் தொடக்க கால நாவல்களை ஆராய்ந்தார். கமலாம்பாள் சரித்திரத்தை அவர் உயர்வாக மதித்தார்.

இரண்டாவது, சமூக வரலாற்றுப் போக்கு. இலங்கைத் திறனாய்வாளர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' இதன் முக்கிய நூல். நாவல் எந்தச் சமூக நிலைமையிலிருந்து பிறந்தது, எந்த வர்க்கத்தின் பார்வையைக் கொண்டது என்று அது கேட்கிறது. வெங்கட் சாமிநாதன் அந்நூலைக் கடுமையாக மறுத்து எழுதினார்.

முதல் போக்கு ராஜம் ஐயருக்கும், இரண்டாவது மாதவையாவுக்கும் சாதகமாக அமைவது இயல்பு. ஆனால் எந்த அளவுகோலும் முடிவை முன்கூட்டியே தீர்மானித்துவிடும் ஆபத்து உண்டு.

வாசிப்போர் கவனிக்க வேண்டியவை

இந்நாவல்களை வகுப்பிலோ வாசகர் வட்டத்திலோ விவாதிப்பவர்கள் மூன்று கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது.

1. இந்நூலின் கருத்து சரியானதா? இது தத்துவக் கேள்வி.

2. அந்தக் கருத்து பாத்திரத்தின் வாழ்வில் எதையாவது மாற்றுகிறதா, அல்லது அதன் வாயில் வைக்கப்பட்ட உரையாக மட்டும் நிற்கிறதா? இது இலக்கியக் கேள்வி.

3. அந்தக் கருத்துக்காக யாருடைய துயரம் சொல்லப்படாமல் விடப்பட்டது? இது அறக் கேள்வி.

மூன்றையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் விவாதம் சண்டையாகிறது. பெண் கல்வியை ஆதரிக்கும் இன்றைய வாசகர் மாதவையாவின் பிரசங்கத்தைப் பொறுத்துக்கொண்டு, ராஜம் ஐயரின் பிரசங்கத்தைக் குறையாகச் சொல்வது எளிது. வேதாந்தத்தில் ஈடுபாடுள்ளவர் இதைத் தலைகீழாகச் செய்வார். இருவரும் தாங்கள் நாவலை மதிப்பிடுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தனக்குப் பிடித்த கருத்தைச் சொல்லும் நாவலிலும் அதே குறையைக் குறை என்று ஒப்புக்கொள்ள முடிகிறதா என்பதே ஒரு வாசகரின் நடுநிலைக்குச் சோதனை.

இந்த அளவுகோலால் பார்த்தால், கமலாம்பாள் சரித்திரத்தின் பிற்பகுதியில் முத்துசாமி ஐயரின் தவிப்பு நேரடியாக வெளிப்படும் இடங்களில் வேதாந்தம் உயிர் பெறுகிறது. உபதேசம் நீளும் இடங்களில் தளர்கிறது. பத்மாவதி சரித்திரத்தில் குடும்பங்களின் அன்றாட நடப்பே சமூகத்தின் குறையைக் காட்டும் இடங்கள் வலுவானவை. ஆசிரியர் நேராக வந்து விளக்கும் இடங்கள் வலுவற்றவை. இரு நாவல்களிலும் கருத்து வெல்வது அது மனிதராக நடமாடும்போதுதான்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விரு நூல்களைப் பற்றி ஒரே முடிவு எட்டப்படவில்லை. அவை தொடர்ந்து படிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.