நேட்டால் தமிழ்க் குடும்பங்களின் மூலப்பெயரைக் கண்டறிதல்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் வாழும் தமிழ் வம்சாவளியினர் பலர், தம் முன்னோரின் பூர்வீக ஊரை அறிய விரும்பும்போது குடும்பப்பெயரையே முதல் தடயமாகக் கொள்கின்றனர். ஆனால் அப்பெயர் பெரும்பாலும் கப்பலேறியவர் தம் ஊரில் அழைக்கப்பட்ட பெயர் அன்று. அதை மட்டும் நம்பித் தேடுவோர் வேறொரு குடும்பத்தின் வரலாற்றைத் தமதெனக் கொள்ளும் ஆபத்து உண்டு.

குடியேற்றத்தின் பின்னணி

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய இந்தியர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஏனையோர் கல்கத்தாவிலிருந்து சென்றனர்.

குடும்பப்பெயர் உருவான விதம்

தமிழரிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. ஒருவருக்கு இடப்பெயர் ஒன்று. அதன் முன் தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ சேரும். காலனி அரசின் பதிவு முறையோ நிலையான குடும்பப்பெயரை எதிர்பார்த்தது. அந்த இடத்தை இரண்டு வகைப் பெயர்கள் நிரப்பின.

முதல் வகை, தந்தை அல்லது பாட்டனாரின் இடப்பெயர். முனுசாமி, பெருமாள், வீராசாமி, மாரிமுத்து போன்றவை இன்று அங்கே குடும்பப்பெயர்கள்.

இரண்டாம் வகை, சாதிப் பட்டங்கள். முதலியார் 'மூட்லி' ஆயிற்று. நாயுடு, பிள்ளை, செட்டி, படையாச்சி ஆகியவையும் இவ்வாறே நிலைத்தன. 'கோவெண்டர்' என்பது கவுண்டர் என்பதன் திரிபு எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. புதிய நாட்டில் பட்டங்களைத் தாமே சூட்டிக்கொண்டோரும் இருந்தனர். ஆகவே இன்றைய பட்டத்தைக் கொண்டு முன்னோரின் சாதியை முடிவு செய்ய இயலாது.

தேட வேண்டியது எண்

நேட்டாலுக்கு வந்த ஒவ்வோர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரு காலனி எண் வழங்கப்பட்டது. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடல் அடையாளங்கள் ஆகியவை எழுதப்பட்டன. பெயர் மாறினாலும் எண் மாறாது. எனவே தேடலைப் பின்வரும் வரிசையில் செய்வது நல்லது.

1. இன்றைய தலைமுறையில் தொடங்கி, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள் வழியே ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்க.
2. பழைய சான்றுகள் பலவற்றில் பெற்றோரின் காலனி எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்க.
3. அந்த எண்ணைக் கப்பல் பதிவேட்டில் காண்க. குடும்பமாக வந்தோரின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து அமைந்திருக்கும். முன்னும் பின்னும் உள்ள பதிவுகளையும் படிக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டுச் சிக்கல்

எழுத்தர் தம் காதில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதினார். உகரத்திற்கு 'ஓ' எழுத்தை இரட்டித்தும், அகரத்திற்குச் சில சமயம் 'யூ' எழுத்தையும் இட்டனர். பழனி 'புல்னி' என எழுதப்பட்டது இவ்வாறுதான். ழகரமும் ளகரமும் லகரத்தோடு கலந்தன. பதிவேட்டிலுள்ள பெயரை வாய்விட்டுப் படித்து, எந்தத் தமிழ்ப் பெயருக்கு ஒலி ஒத்துவருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஊரை அடையாளம் காணல்

புதூர், புதுப்பட்டி போன்ற பெயர்களில் பல ஊர்கள் உள்ளன. ஆகவே கிராமத்தின் பெயரோடு வட்டமும் மாவட்டமும் பொருந்த வேண்டும். அன்றைய மாவட்ட எல்லைகள் வேறு என்பதையும் நினைவிற்கொள்க. வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த சித்தூர், 1911 இல் தனி மாவட்டமாகி, இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. பதிவேட்டில் 'வட ஆற்காடு' எனக் கண்டு தமிழ்நாட்டில் மட்டும் தேடினால் ஊர் கிடைக்காமல் போகலாம்.

சான்றுகளை ஒப்பிடுதல்

ஒரே கப்பலில் ஒரே பெயருடைய பலர் சென்றிருக்கலாம். பெயர் மட்டும் ஒத்திருந்தால் அது சான்றாகாது. எண், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றில் எண்ணோடு இன்னும் ஒன்றேனும் பொருந்தினால்தான் உறவு உறுதிப்படும். குலதெய்வத்தின் பெயர், திதியின்போது சொல்லப்படும் முன்னோர் பெயர்கள், வீட்டில் வழங்கிய செல்லப்பெயர்கள் ஆகியவை துணைச் சான்றுகள். இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனவே குடும்பத்து முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பதே ஆவணக் காப்பகத்திற்குச் செல்லும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை.

இத்தேடலின் முடிவில் பெரும்பாலும் ஒரு குடும்பப்பெயர் கிடைப்பதில்லை. ஒருவரின் இடப்பெயர், அவர் தந்தையின் பெயர், ஓர் ஊர் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. தமிழ் மரபில் ஒருவரின் முழுப்பெயர் என்பது இவையே.